மூத்த மருமகனும் பால் ஜாயிண்டும்

என் மனைவியின் அக்கா புருஷன் ஒரு காரின் பால் ஜாயிண்டைக் கழற்றும் அழகை நீங்கள் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் உங்களுக்கும் எரிச்சல் வந்திருக்கும். எனக்கு எரிச்சலோடு நிற்கவில்லை, பொறாமையும் வந்தது. இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் வர்க்‌ஷாப் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான்.

காரை ஜாக்கி வைத்துத் தூக்குவார். சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைப்பார். நட்டை இளக்கி, முழுவதும் எடுக்காமல் நாலு மரை பாக்கி விடுவார். அதுவரைக்கும் அவர் கையும் என் கையும் ஒரே வேகம்தான். அதற்குப் பிறகு எழுந்து போய், டூல்ஸ் மாட்டியிருக்கும் சுவருக்கு முன்னால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சும்மா நிற்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் சுவரில் இருக்கும் போட்டோக்களைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அந்த நேரத்துக்குள் நான் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு மறுபக்கத்துக்குப் போயிருப்பேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பால் ஜாயிண்ட் என்பது முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற மூட்டு. நமக்குத் தோள்மூட்டு எப்படியோ காருக்கு அது அப்படி. அதன் தண்டு ஆப்பு மாதிரி நுனி குறுகலானது. துளைக்குள் போய் இறுகி உட்கார்ந்துவிட்டால் நட்டை எடுத்தாலும் இறங்காது. எங்கள் பக்கத்து மழையும் கடல்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதைப் பிரிக்க மூன்று வழி உண்டு. முதலாவது போர்க். மாட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்த இரும்பு ஆப்பு. இடுக்கில் வைத்துச் சுத்தியலால் நாலு போடு போட்டால் மூட்டு கழன்றுவிடும். ஆனால் உள்ளே இருக்கும் கிரீஸைக் காக்கிற ரப்பர் தொப்பியும் கூடவே கிழிந்துவிடும். இரண்டாவது புல்லர். அதைத் திருகத் திருக தண்டை அழுத்தித் தள்ளும். சத்தம் கிடையாது, ரப்பருக்கும் ஒன்றும் ஆகாது, ஆனால் பொறுமை வேண்டும். மூன்றாவதற்குத் தனிக் கருவி வேண்டாம். தண்டு மாட்டியிருக்கும் இரும்பின் ஒரு பக்கத்தில் ஒரு சுத்தியலை அண்டக் கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் அடிப்பது. அடி சரியான இடத்தில் விழுந்தால் தண்டு தானாக இறங்கும்.

நான் போர்க் பிடிக்கிற ஆள். என் வர்க்‌ஷாப் என் வீட்டு முற்றத்திலேயே தகரக் கூரை போட்டு இருக்கிறது. காலையில் என் சுத்தியல் சத்தம் கேட்டால்தான் எங்கள் தெருவில் டீத்தண்ணீர் கொதிக்கும். வேலைக்கு வந்த வண்டியை மத்தியானத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அவர் அப்படி இல்லை. அதியன்னூரில் அவர் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ரோட்டோரமாக அவருடைய ஷெட் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வண்டிக்காரனைப் பார்த்து எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"இந்த ஜாயிண்டு திரும்ப இடயதா, களயதா?"

அதாவது, கழற்றிய மூட்டையே மறுபடி மாட்டப் போகிறோமா, தூக்கி எறியப் போகிறோமா என்று. எறியப் போவதென்றால் போர்க்கே போதும், ரப்பர் கிழிந்தால் யாருக்கு என்ன? மறுபடி மாட்டுவதென்றால் புல்லர். அதோடு விட்டாரா? அடுத்த கேள்வி, "கடப்புறத்து வண்டியா?" கடற்கரைப் பக்கம், பூவாறு, திருப்புறத்து வண்டி என்றால் உப்புத் துரு ஏறியிருக்கும். அதற்குத் தனி யோசனை. பிறகு மூன்று நான்கு புல்லர்களில் எதன் வாய் எந்த மூட்டுக்குப் பொருந்தும் என்று எடுத்து, வைத்துப் பார்த்து, திரும்ப மாட்டி, இன்னொன்றை எடுத்து...

"ஆசானே, இனி எத்ர நேரம்?" என்று மலையாளத்தில் யாராவது அலறுவார்கள்.

"ஆயிட்டு, ஆயிட்டு" என்பார். ஒன்றும் ஆகியிருக்காது.

ஆச்சரியம் என்னவென்றால், இவ்வளவு காத்திருந்தவர்கள் மறுபடி அவரிடமே போனார்கள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பார்கள். இவர் மாட்டுக்கு முன்னால் நின்று ஆடலாமா பாடலாமா என்று மத்தியானம் வரைக்கும் யோசிக்கிற ஆள். அப்படியும் அவருக்குத்தான் பால் கிடைத்தது.

வீட்டிலும் இப்படித்தான். "அவரு கொட எடுத்து முடியதுக்குள்ள மழை வெறிச்சுப் போவும்" என்று மைனியே சொல்வாள். மைனி என்றால் என் மனைவியின் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு குறை தெரிய வேண்டுமே, தெரியாது. சிரிப்புத்தான் தெரியும்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் இரண்டு மருமக்களும் மாமி வீட்டில் சாப்பிட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். சாப்பாட்டுக்கு முன் மூத்த மருமகன்தான் ஜெபிக்க வேண்டும். எல்லோரும் கண்ணை மூடுவோம். அவர் ஆரம்பிக்க மாட்டார். எந்த வார்த்தையை எடுக்கலாம் என்று மனசுக்குள் சுவரைப் பார்த்து நிற்பார் போலிருக்கிறது. கோழிக்கறியின் ஆவி அடங்கிக்கொண்டிருக்கும். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். மாமி, மைனி, என் மனைவி எல்லோரும் அந்த மௌனத்திலேயே உருகிப்போய் நிற்பார்கள். ஒரு வருடம் அவருக்குக் காய்ச்சல் என்று என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். ஒரு சொல் மறந்து கொஞ்சம் நின்றுவிட்டேன். உடனே மாமி, "மறந்து போச்சா மக்களே, செரி, ஆமென் சொல்லு" என்றாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது மருமகள்களுக்கு மட்டும் சொன்னதில்லை.

இதெல்லாம் போகட்டும். இதையெல்லாம் தாங்கியிருப்பேன். தாங்க முடியாதது என் மனைவியின் கார்.

என் மனைவி காரக்கோணத்தில் நர்ஸ். வேலைக்குப் போய்வர ஒரு பழைய சின்னக் கார் வாங்கிக் கொடுத்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் முன்பக்கம் ஒரு வேலை வந்தது. பால் ஜாயிண்டைப் பிரித்துத்தான் அதைச் செய்ய வேண்டும். நான் வழக்கம்போலப் போர்க்கை எடுத்தேன், நாலு போடு போட்டேன், டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ரப்பர் கிழிந்தது. கிழியத்தானே செய்யும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். மழைத்தண்ணீரும் மண்ணும் உள்ளே போய், அடுத்த ஓணத்துக்குள் கார் குழியில் இறங்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரை நேராக அதியன்னூருக்கு ஓட்டிக்கொண்டு போய் அத்தானிடம் விட்டுவிட்டாள். அத்தான் என்றால் அவர்தான்.

"சொந்தமா வர்க்‌ஷாப்பு வச்சிருக்கவன் பெண்டாட்டியாக்கும் நீ" என்றேன். "நாலுபேரு என்ன நெனப்பாவ?"

"நீங்க தட்டுவீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றிலிருந்து அந்தக் கார் என் தகரக் கூரைக்குள் சிகிச்சைக்கு வரவே இல்லை. ராத்திரி வாசலில் நிற்கும். காலையில் போய்விடும். என் வீட்டுக் காருக்கு இன்னொருத்தன் கிரீஸ் தடவுகிறான் என்பது எப்படி எரியும் என்று வர்க்‌ஷாப்காரனைக் கேட்டால்தான் தெரியும். பேக்கரி நடத்துகிறவன் பெண்டாட்டி எதிர்க்கடையில் ரொட்டி வாங்கினால் அவன் சும்மா இருப்பானா? அவளை எப்படியாவது காரோடு திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அந்த வருடங்களில் எனக்கு இருந்த ஒரே லட்சியம்.

அதற்கு நடுவில் மாமியின் மோதிரம் வேறு. மாமிக்குக் கையில் நீர் இறங்கி விரல் வீங்கிவிட்டது. கல்யாண மோதிரம் விரலில் புதைந்து கிடந்தது. சோப்பு, எண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை. எனக்குப் போன் வந்ததும் ஒரு நல்ல கட்டரை எடுத்துக்கொண்டு பைக்கில் பறந்தேன். ஒரு நிமிட வேலை. மாமியின் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவர் வந்து சேர்ந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விரலைப் பார்த்தார்.

"மாமி, மோதிரம் திரும்ப இடணும் தானே?"

"பின்ன? உங்க மாமா இட்டதாக்கும். சாவயதுவர இடணும்" என்று மாமி அழுதாள்.

அவர் மைனியிடம் தையல் பெட்டியைக் கேட்டார். அதில் ஒவ்வொரு நூலாக இழுத்துப் பார்த்தார். வழுவழுப்பான ஒரு நூலை எடுத்து, ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, விரலை நெருக்கமாகச் சுற்றி, பிறகு அடிநுனியைப் பிடித்துப் பையப் பைய அவிழ்த்தார். நூல் அவிழ அவிழ மோதிரமும் கூடவே நகர்ந்து வந்தது. மாமி அவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தாள். என் கட்டர் மேசைமேல் கிடந்தது. என் மனைவி அதை எடுத்து என் பையில் போட்டுவிட்டு, "கொண்டு வச்சுக்கிடுங்க" என்றாள்.

எனக்கும் ஒருநாள் வந்தது. திருப்புறத்திலிருந்து மீன் ஏற்றுகிற ஒரு வண்டி அவரிடம் வந்திருக்கிறது. வருடக்கணக்காக ஐஸ் தண்ணீரும் உப்பும் ஒழுகி, முன்பக்க மூட்டு துருவோடு ஒன்றாகிப் போயிருக்கிறது. வழக்கம்போலக் கேள்வி கேட்டு, வழக்கம்போல நின்று, புல்லரைப் பொருத்தித் திருகியிருக்கிறார். புல்லரின் திருகாணியே வளைந்துவிட்டது. இன்னொன்று. அதன் வாய் விரிந்துவிட்டது. எனக்குப் போன் வந்தது.

"எலே மக்கா, கொஞ்சம் வாறியா? இது நமக்கு அடங்கல்ல."

"தோ வாறேன் அண்ணே" என்றேன். அந்தப் போனை வைத்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்று இருந்ததா என்று சந்தேகம்தான்.

இரண்டு சுத்தியலோடு போனேன். டூல்ஸ் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படுத்தேன், ஒன்றை அண்டக் கொடுத்தேன், மற்றதை ஓங்கினேன். மூன்றாவது அடியில் தண்டு டக்கென்று இறங்கியது. வண்டிக்காரன் வாயைப் பிளந்தான். நான் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவர் தலைகுனிவார், சமாளிப்பார், ஏதாவது சாக்குச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? என்னைக் கட்டிப்பிடித்தார். எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டார். "பாத்தீரா ஓய்? மூணே அடி! எங்க வீட்டு எளைய மருமவனாக்கும்!" என்று ரோட்டில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் மாமியிடமும் அவரே முந்திக்கொண்டு சொன்னார்.

மாமி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

"பாத்தியா மக்களே" என்றாள் என்னிடம். "தன் வாயால அடுத்தவனப் புகழுதாரே, அதாக்கும் கொணம். நீயும் அதப் படிச்சுக்க."

அடித்தவன் நான். பேர் அவருக்கு.

இதோடு முடிந்ததா? இல்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு புது முறை கண்டுபிடித்தார். புல்லரை மாட்டி இறுகத் திருகிவிட்டு, அது முறுக்கேறி நிற்கும்போது பக்கவாட்டில் சின்னதாக ஒரே ஒரு தட்டு. எப்பேர்ப்பட்ட மூட்டும் இறங்கிவிடும், ரப்பரில் ஒரு கீறல் விழாது. அந்தத் தட்டு என் தட்டு. அதை எடுத்துக்கொண்டு போய்த் தன் புல்லரோடு சேர்த்துக்கொண்டார். நெய்யாற்றின்கரையில் அதற்கு 'ஆசானின் தட்டு' என்று பேரே வந்துவிட்டது. அவர் பாவம், "இது எளையவன் காட்டித் தந்ததாக்கும்" என்று எல்லோரிடமும் சொன்னார். யாரும் நம்பவில்லை. பெரிய மனசு, அதனால் சொல்கிறார் என்றார்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வண்டிக்கு அரைப்பகல் எடுத்தால், என் மனைவியின் காருக்கு மட்டும் அவர் முழுப்பகல் எடுத்தார். அந்தக் காருக்கும் எப்போது பார்த்தாலும் ஏதாவது வந்துகொண்டிருந்தது. அவளுக்கு நைட் டூட்டி வாரம் வந்தால் போதும், காரில் ஒரு சத்தம் கேட்கும். டூட்டி முடிந்து காலையில் காரக்கோணத்திலிருந்து நேரே அதியன்னூருக்குப் போய்விடுவாள். சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவாள். வரும்போது முகம் தெளிந்து, பவுடர் போட்டுக்கொண்டு, அக்கா கொடுத்தனுப்பிய மீன்குழம்போடு வருவாள். எனக்கு அந்த முகத்தைப் பார்த்தால் இன்னும் எரியும். அங்கே போனால் இவளுக்கு இவ்வளவு குளிர்ச்சியா?

"ஒரு நட்டு முறுக்கதுக்கு ஒரு பகலா?" என்று கேட்பேன்.

"அத்தான் பாத்துத்தான் செய்வாரு" என்பாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பைக்கை எடுத்துக்கொண்டு நானே போய்விட்டேன். ஷெட்டில் அவள் கார் ஜாக்கியின் மேல் நின்றது. அவளைக் காணவில்லை, அக்கா வீட்டில் இருப்பாள். அவர் சுவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காரில் ஒரு நட்டுகூடத் தொட்டிருக்கவில்லை. உச்சிப்பொழுது ஆகியிருந்தது.

"என்ன அண்ணே, இன்னும் தொடங்கல்லியா?"

"எந்த புல்லரு எடுக்கயதுண்ணு பாக்கேன்" என்றார்.

"காலையிலயே வந்த வண்டியல்லா?"

"ஆமா. அவசரம் ஒண்ணும் இல்லியே. வா, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்."

டீக்கடையில் இரண்டு டீ வாங்கித் தந்தார், பழம்பொரி வாங்கித் தந்தார், என் பிள்ளைகளின் படிப்பைக் கேட்டார். திரும்பி வந்து மறுபடி சுவரைப் பார்த்தார். எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. என்னய்யா, என் பெண்டாட்டி கார் உனக்கு வேதப்புத்தகமா என்று கேட்டிருப்பேன். மூத்தவர் என்பதால் விழுங்கிக்கொண்டு கிளம்பினேன். இப்படி ஓர் உருட்டல்காரரிடம் ஏமாந்து போய்க் கிடக்கிறாளே என்று அவள் மேலும் கோபம் வந்தது.

பிறகு ஒருநாள் அவர்களுடைய மகளுக்கு அயர்லாந்தில் பிரசவம் என்று மைனி போனாள். மகளும் மருமகனும் அங்கேயே இருந்துவிடச் சொல்ல, அவரும் ஷெட்டைக் காலி செய்துவிட்டுப் போனார். போவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு எது வேணும், எடு" என்று அந்தச் சுவரைக் காட்டினார். "எங்கிட்ட எல்லாம் உண்டு அண்ணே" என்றேன். எல்லாவற்றையும் அமரவிளைக்காரன் ஒருவன் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனான். மறுநாளே நான் நெய்யாற்றின்கரைக்குப் போய் ஒரு புது புல்லர் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன். எந்தக் காருக்காக வாங்கினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதிக நாள் ஆகவில்லை. ஒரு காலையில், நைட் டூட்டி முடிந்து வந்த என் மனைவி காரை வாசலில் நிறுத்தாமல் நேராக என் தகரக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து விட்டாள். சாவியை நீட்டினாள்.

"முன்னால ஒரு சத்தம் கேக்கு. பைய நிண்ணு பாருங்க" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

வேறு இரண்டு வண்டிகள் நின்றன. அவற்றை அப்படியே போட்டேன். காரைத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். ஓர் ஆட்டமும் இல்லை. ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் விட மனசில்லை. வராதது வந்திருக்கிறது, சும்மா அனுப்பவா? கெடாத பால் ஜாயிண்டைக் கழற்றுவது என்று முடிவு செய்தேன். புது புல்லரைப் பெட்டியிலிருந்து எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்தேன். நட்டில் நாலு மரை பாக்கி விட்டேன். புல்லரை மாட்டி, கால் சுற்று கால் சுற்றாகத் திருகினேன். அப்படி ஒரு பொறுமையோடு நான் எந்த வேலையும் செய்ததில்லை. முறுக்கேறி நின்றதும், பக்கவாட்டில் ஒரே ஒரு தட்டு. என் தட்டு. தண்டு இறங்கியது. ரப்பரில் நகக்கீறல்கூட இல்லை. கழற்றியதைப் பழையபடி மாட்டி, சக்கரத்தைப் பூட்டி, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"முடிஞ்சு" என்றேன். "வந்து பாரு. ரப்பர்ல ஒரு கீறு உண்டாண்ணு பாரு."

"முடிஞ்சா?" என்றாள். "இத்தற வேகமா?"

"வேகமா? அத்தான் செய்யது போல புல்லரு இட்டாக்கும் செஞ்சேன்!"

அவள் என்னைப் பார்த்தாள். சண்டைக்கு வருகிற பார்வை இல்லை. களைத்துப்போன பார்வை.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. எப்பளும் ஒண்ணும் இருக்காது. அந்த ஆதியத்தில வந்ததுதான் கேடு. பின்ன வந்தது ஒண்ணும் கேடு இல்ல."

"பின்ன எதுக்கு அதியன்னூருக்கு ஓடின?"

"உறங்க" என்றாள். "ராத்திரி முழுக்க நிண்ணுட்டு வந்தா இஞ்ச எப்பிடி உறங்கயது? தகரத்துக்குக் கீள நீங்க தட்டுத தட்டு தலைக்குள்ள அல்லவா கேக்கு. அங்க அக்கா மெத்தை விரிச்சு வச்சிருப்பா. வண்டியப் போட்டுட்டுப் போய்க் கெடப்பேன். நான் எழும்பயதுவர அத்தான் ஒரு ஸ்பானரு எடுக்கமாட்டாரு. வண்டி ஆயிட்டுண்ணா நீங்க வீட்டுக்கு வரச்சொல்லி விளிப்பீங்கல்லா, அதுக்காக்கும்."

"எங்கிட்ட சொல்லப்பிடாதா?"

"தட்டாதீங்கண்ணா? நம்ம சோறல்லா அது" என்றாள். பிறகு, "இண்ணைக்கு நீங்க பையத்தான் செஞ்சீங்க. ஒரு சத்தமும் கேக்கல்ல. கண்ணு சொக்கி வந்து. கடைசியில ஒரு தட்டு தட்டினீங்கல்லா? அதுல முழிச்சிட்டேன்."

அந்த மனிதரின் புல்லர் மேல், அவர் ஜெபத்தின் மேல், மாமி அவர் தலையில் வைத்த கையின் மேல் இத்தனை வருடம் பொறாமைப்பட்டேனே, அதெல்லாம் ஒரு பொறாமையா? அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே வயிறு பற்றி எரிந்தது. என் மனைவிக்கு உறக்கம் வேண்டும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. கூடவே இருக்கிற எனக்குத் தெரியவில்லை. அதற்காகத் தனக்கு வேலை தெரியாதென்று நான் நினைத்தாலும் நினைக்கட்டும் என்று அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்குப் பழம்பொரி வேறு வாங்கித் தந்திருக்கிறார்.

"கெட" என்றேன். "கெடந்து உறங்கு."

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். சுத்தியலை எடுத்து ஒரு பழைய துணியில் சுற்றி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கொல்லங்கோட்டுக்காரன் ஒருவன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். முன்பக்கம் பால் ஜாயிண்ட் மாற்ற வேண்டுமாம். பழையது களைய வேண்டியதுதான், போர்க் வைத்து நாலு போடு போட்டால் டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும். அவனுக்கும் அது தெரியும். ஹாரனில் கை வைக்கப் போனவனை ஓடிப்போய்த் தடுத்தேன்.

"ஆசானே, வேகம் வேணும். ஒரு கல்யாணத்துக்குப் போணும்" என்றான்.

"பைய பேசு" என்றேன். "இறங்கி இஞ்ச இரி. டூல் எதுண்ணு பாக்கணும்."

"எவ்வளவு நேரம் பாப்பீங்க?"

"அவ எழும்பயதுவர."